சிங்கப்பூர் ஆற்றுமுகக் கல்வெட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூருக்குப் போய்வரும் தமிழர்கள் பலரும் "அங்கே ஆற்றங்கரையில் சோழர் கல்வெட்டு இருந்ததாமே, வெள்ளைக்காரன் வெடி வைத்து உடைத்துவிட்டானாமே" என்று கேட்பதுண்டு. இந்த வாக்கியத்தின் பின்பாதி உண்மை. முன்பாதி அவ்வளவு எளிதில் முடிகிற செய்தி அன்று. அடிக்கடி எழும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே தரப்பட்டுள்ளன.

சிங்கப்பூர்க் கல் என்று எதைச் சொல்கிறார்கள்?

சிங்கப்பூர் ஆறு கடலில் கலந்த முகத்துவாரத்தின் தென்கரையில், பாறைகள் நீட்டிக்கொண்டிருந்த முனையொன்றில், சுமார் 3 மீட்டர் உயரமும் ஏறக்குறைய அதே அளவு அகலமும் கொண்ட மணற்கல் பாறை ஒன்று நின்றது. அதன் ஒரு முகத்தில் ஏறத்தாழ 50 வரிகள் பொறிக்கப்பட்டிருந்தன. ஆங்கிலேயர் சிங்கப்பூரில் கால் வைத்த 1819-ஆம் ஆண்டையொட்டி அது வெளியுலகுக்குத் தெரியவந்தது. 1843-ஆம் ஆண்டு ஜனவரியில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அதிலிருந்து பிழைத்த ஒரு துண்டு இன்று ஸ்டாம்ஃபர்ட் சாலையிலுள்ள சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முழுக் கல்லுக்கும் இந்தத் துண்டுக்கும் சேர்த்தே சிங்கப்பூர்க் கல் என்ற பெயர் வழங்குகிறது.

அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?

கல் நின்ற முனையில் முதலில் ஃபுல்லர்ட்டன் கோட்டை எழுந்தது. பின்னர் கோட்டையும் போய், 1928-இல் திறக்கப்பட்ட ஃபுல்லர்ட்டன் கட்டடம் வந்தது. இப்போது அது நட்சத்திர விடுதி. சிங்கத் தலையும் மீனுடலும் கொண்ட மெர்லயன் சிலை 1972-இல் முதலில் நிறுவப்பட்டதும் இந்த முகத்துவாரத்தில்தான். 2002-இல்தான் அது சற்றுத் தள்ளி இப்போதுள்ள இடத்துக்கு மாற்றப்பட்டது. கடலே இன்று அங்கில்லை. நிலம் மீட்கப்பட்டுக் கரை விலகிப்போயிற்று. 2008-இல் மரினா அணை திறக்கப்பட்ட பிறகு, ஆறு கலக்கும் வளைகுடா நன்னீர்த் தேக்கமாகவும் மாறிவிட்டது. ஆகவே மெர்லயன் பூங்காவில் நின்று, கப்பலில் வந்தவன் கண்ணில் இந்தக் கல் எப்படிப் பட்டிருக்கும் என்று கற்பனை செய்ய விரும்புபவர், எதிரே தெரியும் வானளாவிய கட்டடங்கள் அத்தனையையும் மனத்திலிருந்து அழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

கல் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது?

துறைமுக அதிகாரியாக இருந்த கேப்டன் ஃபிளின்ட், முனையிலிருந்த காட்டை வெட்டிச் சீர்ப்படுத்த வங்காள மாலுமிகளை ஏவினார். புதரை வெட்டிக்கொண்டே போனவர்கள்தான் எழுத்துகளைப் பார்த்தார்கள். செய்தி பரவியதும் பல இனத்து மக்களும் திரண்டு வந்து பார்த்ததாக மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். சிலர் மாவைப் பிசைந்து எழுத்தின்மேல் அழுத்தி எடுத்துப் பார்த்தார்களாம். சிலர் எழுத்துத் தெளிவாகத் தெரியட்டும் என்று மை போன்ற கருநீரைப் பூசினார்களாம். நம் ஊர்க் கல்வெட்டுத் துறையினர் ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுப்பதன் எளிய முன்னோடி என்று இந்த மாவு வேலையைச் சொல்லலாம். பின்னாளில் கல்லைப் பார்த்து வரைந்த டாக்டர் வில்லியம் பிளாண்டும் மென்மையாகப் பிசைந்த மாவையே பயன்படுத்தினார்.

இந்துக்கள் அது இந்து எழுத்து என்றார்கள், ஆனால் படிக்க முடியவில்லை. சீனர்கள் சீன எழுத்து என்றார்கள். அப்துல்லாவுக்கோ அது அரபு எழுத்துப் போலத் தோன்றியது. அவராலும் படிக்க இயலவில்லை. சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியிருப்பை நிறுவிய ராஃபிள்ஸ், கீழ்த்திசைக்கு முதலில் வந்தவர்கள் இந்துக்களே என்பதால் எழுத்தும் அவர்களுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதினார். பார்த்த ஒவ்வொருவரும் தத்தம் எழுத்தையோ தமக்கு ஏற்கெனவே பிடித்த முடிவையோ அந்தப் பாறையில் கண்டார்கள். இருநூறு ஆண்டுகளாக இந்தக் கல்லைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் நடந்துவருகிறது என்பதே என் எண்ணம்.

இந்த அப்துல்லா தமிழ் படித்தவர் என்கிறார்களே?

ஆம். மலாக்காவில் பிறந்த அவருடைய முன்னோர்களில் ஏமன் நாட்டு அரபியரும் தமிழரும் உண்டு. மலாக்காவின் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகத் தமிழ் கற்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது என்றும், தம்மையும் தந்தை தமிழ் ஆசிரியரிடம் அனுப்பினார் என்றும் அவரே குறிப்பிடுகிறார். இந்தச் செய்திக்குக் கல்லின் கதையில் ஒரு பயன் இருக்கிறது. தமிழ் எழுத்தறிந்த ஒருவர், கல் முழுதாக நின்ற காலத்திலேயே நேரில் சென்று பார்த்து, அதைத் தமிழ் என்று சொல்லவில்லை. பழந்தமிழ் வரிவடிவங்களை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை என்பது சரியான மறுப்புத்தான். எனினும் சாட்சியம் சாட்சியமே.

கல்லைப் பார்த்த ஆங்கிலேயர் என்ன எழுதினார்கள்?

1822-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சயாமுக்குத் தூது போகும் வழியில் சிங்கப்பூரில் இறங்கிய ஜான் கிராஃபர்ட், காலையிலேயே சென்று கல்லை ஆராய்ந்து நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அவர் தரும் வருணனை துல்லியமானது. பெரும் பாறையொன்று மனித முயற்சியால் இரு சம பாதிகளாகப் பிளக்கப்பட்டு, அடியில் இரண்டரை அடிக்கு மேற்படாத இடைவெளியுடன், ஏறத்தாழ 40 பாகைச் சாய்வில் ஒன்றையொன்று எதிர்நோக்கி இருந்தது. எழுத்து இருந்தது உட்பக்கத்தில். வேலைப்பாடு ஜாவாவிலும் இந்தியாவிலும் தாம் கண்டவற்றைவிட மிகவும் கரடுமுரடானது என்றும், பாறையே பொரிந்து உதிர்ந்ததால் எழுத்துகள் பெரிதும் அழிந்துவிட்டன என்றும், எஞ்சியவை சதுர வடிவைவிட வட்ட வடிவையே ஒத்திருந்தன என்றும் அவர் குறித்தார்.

வெட்டுண்டு நின்ற இரண்டு பாதிகளுக்கு நடுவே ஓர் ஆள் நுழைந்து, சாய்ந்த சுவரில் முக்கால் அங்குல அளவுள்ள எழுத்துகளைத் தடவிப் பார்க்கும் காட்சியை நினைத்துக்கொண்டால், இதைப் படிப்பது ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது என்பது விளங்கும்.

பிளாண்ட் வரைந்த படியை ஜேம்ஸ் பிரின்செப் 1837-இல் வங்காள ஆசியக் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டார். அதே காலத்தில்தான் பிரின்செப் அசோகரின் பிராமி எழுத்தைப் படித்து இந்திய வரலாற்றையே திறந்துவைத்தார். அப்படிப்பட்டவராலும் இந்தக் கல்லில் சில தனி எழுத்துகளுக்கு மேல் எதையும் கோத்துப் படிக்க முடியவில்லை. பௌத்த சமயம் இந்த முனைவரை பரவியதை அது குறிக்கக்கூடும் என்று ஊகித்ததோடு நின்றுகொண்டார்.

பாடாங் என்ற வீரன் எறிந்த கல் இதுதானா?

மலாய் அரச வரலாறான செஜாரா மெலாயுவில் அப்படியொரு கதை உண்டு. சிங்கபுர மன்னனிடம் பாடாங் என்ற பலசாலி இருந்தான். அவன் புகழைக் கேள்விப்பட்ட கலிங்க தேசத்து அரசன், தன் நாட்டு மல்லனை ஏழு கப்பல்களோடு அனுப்பிப் போட்டிக்கு அழைத்தான். அரண்மனை முன்னே கிடந்த பெரும்பாறையை வந்தவனால் முழங்கால்வரைதான் தூக்க முடிந்தது. பாடாங் அதைத் தலைக்குமேல் தூக்கிச் சுழற்றி ஆற்று முகத்துவாரத்தை நோக்கி எறிந்தான். முகத்துவாரத்துப் பாறை அதுவே என்பது கதை. பாடாங் இறந்தபோது கலிங்க அரசன் அவன் சமாதிக்குக் கல் அனுப்பிவைத்தான் என்றும் அதே நூல் சொல்கிறது.

மலாய் நூல்களில் கலிங்கம் என்ற பொருளில் வரும் 'கெலிங்' என்ற சொல் ஒரிசாக் கரையை மட்டும் குறிப்பதன்று. தென்னிந்தியரையும், நாளடைவில் பெரும்பாலும் தமிழரையும் குறித்த சொல் அது. இன்று அது இழிசொல்லாகிவிட்டது. கதையைக் கல்லின் வயதுக்கு ஆதாரமாகக் கொள்ள முடியாது. ஆனால் எழுத்தைப் படிக்க முடியாத பாறைக்கு ஊரார் விளக்கம் சொல்ல முற்பட்டபோது, தென்னிந்தியக் கப்பல்கள் இயல்பாகவே அதற்குள் வந்து சேர்ந்தன என்பது கவனிக்கத்தக்கது.

ஏன் உடைத்தார்கள்?

கோட்டையை விரிவாக்கவும் கோட்டைத் தளபதிக்கு வீடு கட்டவும் இடம் தேவைப்பட்டது. அவ்வளவுதான். 1843 ஜனவரியில், பொறியாளர் பொறுப்பிலிருந்த கேப்டன் ஸ்டீவன்சன் பாறையை வெடி வைத்துத் தகர்த்தார். கல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று ஜேம்ஸ் லோ என்ற படை அதிகாரி முன்னமே கேட்டுக்கொண்டிருந்தார்; பலிக்கவில்லை.

அப்துல்லா இந்தச் செயலுக்காக, ஊரின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் கோல்மனைக் கடிந்துகொள்கிறார். உன்னால் ஆக்க முடியாததை அழிக்காதே என்ற கருத்துள்ள மலாய்ப் பழமொழியையும் சேர்த்துச் சொல்கிறார். கோபம் நியாயமானது, ஆள் தவறு. கோல்மன் 1841-இலேயே விடுப்பில் சிங்கப்பூரைவிட்டுப் போய்விட்டார். இன்றும் பல கட்டுரைகளில் கோல்மன்மேல் பழி விழுவதற்கு அப்துல்லாவின் இந்தப் பகுதியே காரணம்.

உடைந்த துண்டுகள் என்ன ஆயின?

வெடித்த மறுகணமே பெரும்பகுதி சரளைக் கல்லாகிவிட்டது. லோ, எழுத்துள்ள சில துண்டுகளைத் தேடியெடுத்து, பின்புறத்தைச் செதுக்கிப் பலகைபோல் ஆக்கி, கல்கத்தாவிலிருந்த ஆசியக் கழக அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்.

இன்னொரு துண்டின் கதி இதைவிட மோசம். கல்கத்தாவிலிருந்து இந்தக் கல்லைப் பற்றி விசாரிப்பு வந்தபோது, நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் பட்டர்வொர்த் அனுப்பிய பதிலில் ஒரு காட்சி இருக்கிறது: மிஞ்சிய கல், கருவூலத் தாழ்வாரத்தில் காவற் சிப்பாய்களும் காரியமாக வந்து காத்திருப்போரும் உட்காரும் இருக்கையாகக் கிடந்தது, தம் வீட்டுக்கு எடுத்துச் செல்வதற்குள் எழுத்துப் பெரும்பாலும் தேய்ந்துபோயிருந்தது. அந்நாளில் சிங்கப்பூரின் காவற்படை சென்னை மாகாணத்துச் சிப்பாய்களைக் கொண்டது. எனவே அந்த எழுத்தைத் தேய்த்தழித்தவர்களுள் நம்மவர்களும் இருந்திருக்கக்கூடும். சோழர் கல் என்று உரிமை கொண்டாடும் மேடைகளில் இந்தப் பகுதியை யாரும் சொல்வதில்லை.

1918-இல் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் அருங்காட்சியகம் கேட்டுக்கொண்டதன் பேரில், கல்கத்தா இந்திய அருங்காட்சியகம் ஒரு துண்டைக் காலவரையற்ற கடனாகத் திருப்பி அனுப்பியது. இன்று தேசிய அருங்காட்சியகத்தில் நாம் பார்ப்பது அதையே.

எழுத்து எது, மொழி எது, காலம் எது?

எழுத்தைப் பற்றி இன்று பெரிய சண்டை இல்லை. அது கவி எனப்படும் வரிவடிவம். தென்னிந்தியப் பல்லவ எழுத்திலிருந்து கிளைத்து, ஜாவாவிலும் சுமத்ராவிலும் பல நூற்றாண்டுகள் வழங்கியது. நம் கிரந்தத்துக்கு ஒருவகையில் ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். மொழியும் காலமும்தான் சிக்கல்.

டச்சு அறிஞர் கெர்ன் கல்கத்தாத் துண்டுகளின் படியிலிருந்து சில எழுத்துக் கோவைகளைப் பிரித்தெடுத்தாரே தவிர, மொழியைத் தீர்மானிக்கவில்லை. அவருக்குப் பின் வந்த குரோம், எழுத்தமைதி ஜாவாவின் மஜபாகித் பேரரசுக் காலத்தை ஒத்திருப்பதாகவும், 1360-க்குச் சற்று முந்தியதாகவும் கருதினார். டி காஸ்பாரிஸ் 10 அல்லது 11-ஆம் நூற்றாண்டாக இருக்கலாம் என்றும், ஓரிரு சொற்கள் பழஞ்சாவகமாக, அதாவது பழைய ஜாவா மொழியாகத், தோன்றுவதாகவும் சொன்னார். இந்தோனேசியக் கல்வெட்டறிஞர் புகாரியோ 12-ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியதன்று என்றும், ஜாவாவைவிடச் சுமத்ரா மரபுக்கே நெருக்கமானது என்றும், மொழி வடமொழியாக இருக்கலாம் என்றும் கருதினார்.

இந்த நானூறு ஆண்டு இடைவெளி வெறும் ஏட்டுச் சச்சரவு அன்று. 14-ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூர் அறியப்பட்ட துறைமுகம்; ஜாவாவின் 1365-ஆம் ஆண்டு அரசவைக் காவியம் அதைத் துமாசிக் என்று பெயர் சொல்லிக் குறிக்கிறது, சீன வணிகர் வாங் தாயுவானும் எழுதியிருக்கிறார், கேனிங் கோட்டைக் குன்றிலிருந்து அக்காலத்துப் பொன்னணிகளே கிடைத்திருக்கின்றன. கல் அக்காலத்தது என்றால் அது தெரிந்த கதைக்கு இன்னொரு சான்று. 11-ஆம் நூற்றாண்டினது என்றால், யாருடைய குறிப்பிலும் தெளிவாக இடம்பெறாத ஒரு காலத்தில் இத்தனை நீளமாக எழுதிவைக்கும் ஓர் அதிகாரம் இங்கே இருந்தது என்றாகும்.

அப்படியானால் இது சோழர் கல்வெட்டா?

2019-இல் ஆய்வாளர் இயன் சின்கிளேர், கல்லில் 'கேசரிவ' என்ற எழுத்துக் கோவையைப் படித்து, அது பரகேசரிவர்மன் என்ற பட்டத்தின் நடுப்பகுதியாக இருக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தார். சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறிமாறிப் புனைந்தவர்கள். இராசராசன் இராசகேசரி, அவன் மகன் இராசேந்திரன் பரகேசரி. 1025-ஐ ஒட்டி, சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிசய அரசின்மேல் கப்பற்படை அனுப்பியவனும் இந்த இராசேந்திரனே. இவற்றைக் கோத்துப் பார்க்கும்போது கருத்து வலுவானதாகவே தோன்றும். பத்திரிகைகள் அதைத் தலைப்பாக்கியதில் வியப்பில்லை.

ஆனால் நிதானமாகப் பார்க்க வேண்டிய சில உண்மைகள் இருக்கின்றன. முதலாவது, கேசரி என்பது சிங்கத்தைக் குறிக்கும் பொதுவான வடசொல். சிங்கபுரம் என்ற ஊரில் சிங்கம் என்ற சொல் கிடைத்துவிட்டது என்று வேறொருவர் இதே எழுத்துகளை வைத்து வேறொரு கோட்டை கட்டிவிடலாம். நான் அதற்கும் உடன்படமாட்டேன். முன்னும் பின்னும் உடைந்துபோன ஓர் அரைச் சொல் அது.

இரண்டாவது, இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, அதாவது அவன் வெற்றிகளைப் பாடும் கல்வெட்டு முன்னுரை. 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்று தொடங்கி, ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், இலாமுரி தேசம், நக்கவாரம், கடாரம் என்று அது கொண்ட ஊர்களை ஒவ்வொன்றாக அடைமொழியுடன் எண்ணுகிறது. அந்தப் பட்டியலில் துமாசிக் என்றோ சிங்கபுரம் என்றோ அடையாளம் காணத்தக்க பெயர் இல்லை. பெயர் இல்லை என்பதால் கப்பல்கள் அந்த நீரிணையைக் கடக்கவில்லை என்று ஆகாது. ஆனால் கல்வெட்டுப் பொறிக்கும் அளவுக்கு முக்கியமான இடமாக இருந்திருந்தால் மெய்க்கீர்த்திப் புலவர் விட்டிருப்பாரா என்ற கேள்வி எழத்தான் செய்கிறது.

மூன்றாவதும் எனக்கு முக்கியமாகப் படுவதும், கடல் கடந்த தமிழர் எழுதிய கல்வெட்டுகள் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். தாய்லாந்தின் தகுவாபாவில் அவனிநாரணம் என்ற குளத்தையும் அதைக் காக்கப் பொறுப்பேற்ற மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவையும் சொல்லும் 9-ஆம் நூற்றாண்டுக் கல் தமிழில் இருக்கிறது. சுமத்ராவின் பாரூசுக்கு அருகே லோபு துவாவில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு சக ஆண்டு 1010-இல், அதாவது 1088-இல், நிறுத்திய கல்லும் தமிழே. அவர்கள் எங்கே போனாலும் தங்கள் எழுத்தில்தான் எழுதினார்கள். சிங்கப்பூர்க் கல்லோ உள்ளூர்க் கவி எழுத்தில் இருக்கிறது. சோழப் பட்டமே அதில் இருப்பதாகக் கொண்டாலும், சோழரைப் பற்றியோ அவரோடு கொண்ட உறவைப் பற்றியோ அந்தப் பகுதி அரசன் ஒருவன் எழுதியது என்று கொள்வதே பொருந்தும். அதைத் தமிழ்க் கல்வெட்டு என்று சொல்வது பிழை. சோழர் தொடர்பு இருக்கலாம் என்று சொல்வது இப்போதைக்குச் சரியான அளவு.

கணினியைக் கொண்டு இனியாவது படித்துவிட முடியுமா?

சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எஞ்சிய வரிகளையும் பழைய வரைபடங்களையும் எண்மமாக்கி, விடுபட்ட எழுத்துகளைக் கணினி நிரலால் ஊகிக்க முயன்றிருக்கிறார்கள். முயற்சி பாராட்டத்தக்கது. ஆனால் 50 வரிகளில் பெரும்பாலானவை 1843-இலேயே தூளாகிப்போயின. இல்லாத எழுத்தை எந்த நிரலும் படிக்காது. இதேபோன்ற எழுத்தமைதியில் முழுதாக நிற்கும் இன்னொரு கல்வெட்டு சுமத்ராவிலோ ரியாவ் தீவுகளிலோ கிடைத்தால்தான் வாசிப்பு நிலைபெறும் என்று நினைக்கிறேன்.

நேரில் போகிறவர் எதையெல்லாம் பார்க்கலாம்?

தேசிய அருங்காட்சியகத்தின் துண்டை முதலில் பாருங்கள். நேர் எதிரே நின்றால் சொரசொரப்பான பாறை மட்டுமே தெரியும். சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்து, வெளிச்சம் சாய்வாக விழும் கோணத்தைப் பிடித்தால் வரிகள் மெல்லத் தலைகாட்டும்.

பிறகு ஆற்றங்கரைக்கு வாருங்கள். கல் நின்ற ஃபுல்லர்ட்டன் முனைக்கு எதிர்க்கரையில், எம்ப்ரஸ் பிளேஸ் புல்வெளியை ஒட்டி, ஒரு வெண்ணிறக் கூர்நுனித் தூண் நிற்கிறது. இந்தியாவின் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி 1850-இல் வந்துபோனதன் நினைவாக எழுப்பப்பட்டு, பின்னர் இடம் மாற்றி இங்கே நிறுத்தப்பட்டது. வடிவமைத்தவர் ஜான் டர்ன்புல் தாம்சன். அதன் நான்கு பக்கங்களில் ஆங்கிலம், சீனம், ஜாவி எனப்படும் அரபு வரிவடிவிலான மலாய் ஆகியவற்றோடு தமிழும் இருக்கிறது. சற்று மேலே ஆற்றோரமாக நடந்தால், ராஃபிள்ஸ் இறங்கிய இடத்தைக் குறிக்கும் சிலையின் பீடத்திலும் தமிழ்ப் பலகை உண்டு. சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் ஐயத்துக்கு இடமில்லாமல் தமிழ் எழுத்தைப் படிக்க விரும்புபவர் தூணின் தமிழ்ப் பக்கத்தை நிதானமாகப் படிக்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நம்மவர் எழுதிய அரசாங்க உரைநடை எப்படி இருந்தது என்பதும் அதில் தெரியும்.